சுவரொட்டி தின்ற பசு பாஸான கதை

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், துறைமுகத்துக்குள் நுழைய முறை வருமென்று காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு பசு படுத்திருக்கும். எந்த நாள் போனாலும் இருக்கும். அதே பசுதானா, ஷிப்டு மாற்றிக்கொண்டு வருகிறதா என்று கேட்காதீர்கள். பின்னால் நிற்கும் லாரிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்க மாட்டார். பசுவின் காது ஒருமுறை அசையும், அதுவும் ஈ உட்கார்ந்ததற்காக. வாயில் பாதிச் சுவரொட்டி. நேற்று ஒட்டிய படத்தின் கதாநாயகர் இடுப்பு வரை உள்ளே போயிருப்பார். ‘வெற்றி நடை போடுகிறது’ என்ற வாசகம் மட்டும் வெளியே தொங்கும். சுவரொட்டியில் மைதாப் பசை இருக்கிறதே, அதற்காகத்தான் இந்தக் கலை ஆர்வம்.

இந்தப் பசுவும் அதன் சொந்தபந்தங்களும் சர்வதேசச் சான்றிதழ் பெற்றவை. 2010 மே மாதம் பாரிஸில் கூடிய உலக விலங்கு நல அமைப்பு, இந்திய மாடுகளுக்குப் பைத்தியப் பசு நோய், அதாவது ‘மேட் கவ்’, இருக்கும் அபாயம் ‘பொருட்படுத்தத் தக்கதல்ல’ என்று அறிவித்தது. உள்ளதிலேயே உயர்ந்த கிரேடு அதுதான். பள்ளிக்கூடத்தில் நமக்குக் கிடைக்காத முதல் வகுப்பு, நம் தெரு மாட்டுக்குக் கிடைத்த வரலாறு இது.

வரலாறு ஆண்ட்வெர்ப்பில் தொடங்குகிறது. 1920-இல் இந்தியாவிலிருந்து திமில் மாடுகள் சில பிரேசிலுக்குக் கப்பலேறின. போகிற வழியில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கி இளைப்பாறின. அவற்றோடு டிக்கெட் எடுக்காத பயணி ஒன்றும் வந்திருந்தது: வெக்கை நோய். பெல்ஜியத்து மாடுகள் கொத்துக்கொத்தாகச் சாய்ந்தன. காலங்காலமாக நமக்கு எதையெதையோ இறக்கிவிட்டுப் போன ஐரோப்பாவுக்கு, நாமும் ஒன்றை இறக்கினோம். அங்கே கிளம்பிய பீதியில், 1924 ஜனவரி 25 அன்று 28 நாடுகள் பாரிஸில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு ஓர் அலுவலகத்தைத் திறந்தன. ஓ.ஐ.இ. என்று பெயர். பின்னாளில் பெயர் மாற்றிக்கொண்டு உலக விலங்கு நல அமைப்பு ஆனது அதுதான்.

ஆக, உலகத்து மாடுகளுக்கெல்லாம் நற்சான்று கொடுக்கும் ஆபீசுக்கு அடிக்கல் நாட்டியதே நம்மூர் மாடு. கல்வெட்டில் பெயர் போடவில்லை. நாட்டியவர் பெயரைக் கல்வெட்டில் போடும் வழக்கம் எங்கே இருக்கிறது?

அந்த மாடுகளுக்குப் பிரேசிலில் என்ன வேலை என்று கேட்கலாம். அங்கே வெள்ளைவெளேரென்று கோடிக்கணக்கில் மேயும் இனத்துக்கு ‘நெலோரே’ என்று பெயர். வேறொன்றும் இல்லை, நெல்லூர். எண்ணூர் வழியாகப் போகும் ரயிலில் ஏறி, கூடூரைத் தாண்டினால் வருமே, அதே நெல்லூர். நாம் ஓங்கோல் மாடு என்போம். ஓங்கோல் அந்தக் காலத்தில் சென்னை ராஜதானியின் நெல்லூர் மாவட்டத்தில் இருந்ததால், பிரேசில்காரர்கள் மாவட்டத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். இன்று உலகத்துக்கு மாட்டிறைச்சி விற்கும் நாடுகளில் முன்வரிசையில் இருப்பது பிரேசில். நம் அக்கா பிள்ளைகள்தான் அங்கே ஏற்றுமதியாகிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து ஐரோப்பா அறுபது வருஷம் வாசலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த நோய் அடுப்பங்கரையில் தயாரானது.

1984 டிசம்பரில், இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஒரு பண்ணையில் 133-ஆம் எண் பசு ஒரு மாதிரி நடக்க ஆரம்பித்தது. முதுகு வளைந்தது, உடல் இளைத்தது, தலை ஆடியது. இரண்டு மாதத்தில் செத்தது. 1986 நவம்பரில் வெய்பிரிட்ஜ் ஆய்வுக்கூடம் இது புதிய நோய் என்று அடையாளம் கண்டது. நோயுற்ற மாட்டின் மூளையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நன்றாகப் பொங்கிய ஆப்பத்தின் நடுப்பகுதிபோல் பொத்தல் பொத்தலாக இருந்தது.

காரணம் தீவனத்தில் இருந்தது. கறிக்கூடத்தில் மிஞ்சும் எலும்பு, சவ்வு, தண்டுவடம் எல்லாவற்றையும் காய்ச்சி, அரைத்து, மாவாக்கி, புரதச்சத்து என்று பால்மாட்டுக்குக் கொடுத்தார்கள். மாட்டுக்கு மாட்டையே ஊட்டினார்கள். அசைபோட்டு நிதானமாகச் செரிக்கட்டும் என்று இயற்கை நாலு அறை வயிற்றைக் கட்டிக்கொடுத்த பிராணியை, பால் கூடுதலாகக் கறக்க வேண்டுமென்று நரமாமிசம், இல்லை, மாட்டுமாமிச பட்சிணி ஆக்கினார்கள். அதில் ஒரு கெட்ட புரதம் இருந்தது. 1982-இல் அதற்கு ‘பிரியான்’ என்று பெயர் வைத்த ஸ்டான்லி புரூசினருக்கு 1997-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிரியான் கிருமி இல்லை, அதற்கு உயிரும் இல்லை. தான் தப்பாக மடிந்துகொண்டு, பக்கத்தில் ஒழுங்காக இருக்கும் புரதத்தையும் தப்பாக மடிய வைக்கும். சேர்க்கை சரியில்லை என்று அம்மாக்கள் சொல்வார்களே, அந்த வியாதியின் ரசாயன வடிவம். கொதிக்க வைத்தாலும் சாகாது, ஏனென்றால் உயிரே இல்லை.

1988 ஜூலையில் பிரிட்டன் இந்த மாவை மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடக் கூடாதென்று தடுத்தது. ஆனால் வெளிநாட்டுக்கு விற்பதை 1996 வரை விடவில்லை. நம் வீட்டுப் பிள்ளைக்கு ஆகாது, எதிர்வீட்டுப் பிள்ளைக்கு ஆகும் என்ற பரந்த மனசு. 1989-இல் ஒரு நிபுணர் குழு, மனிதருக்கு இதனால் ஆபத்து வர வாய்ப்பு வெகுதூரம் என்றது. 1990 மே மாதம் விவசாய அமைச்சர் ஜான் கம்மர், கேமராக்களுக்கு முன்னால் தன் நாலு வயது மகளுக்கு மாட்டிறைச்சி பர்கரை ஊட்டப்போனார். அமைச்சர்கள் ஆற்றுத் தண்ணீரைக் குடித்துக்காட்டும் ஊர்க்காரர்களான நமக்கு அந்தக் காட்சியின் பொருள் சட்டென்று விளங்கும்: ஏதோ சரியில்லை.

1996 மார்ச் 20 அன்று, மாட்டின் நோய் மனிதருக்கும் வந்திருக்கலாம் என்று சுகாதார அமைச்சர் ஸ்டீபன் டோரல் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். வெகுதூரம் என்றது ஏழு வருஷ தூரம்தான். பிரிட்டனில் நோய் உறுதியான மாடுகள் 1,80,000-க்கும் மேல். நோய்க்குப் பயந்து கொன்றவை 44 லட்சம். மாட்டிலிருந்து வந்த மூளை நோயால் இறந்த மனிதர்கள் 178 பேர், பெரும்பாலும் இளையவர்கள். இந்தக் கதையில் சிரிப்பு வராத வரி இது ஒன்று.

இனி தேர்வு. எந்த நாட்டில் இந்த நோய் ஒளிந்திருக்கும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு நாடு நாடாகக் கணக்குப் போட ஆரம்பித்தது. கேள்வித்தாளில் இரண்டே கேள்விகள். வெளியிலிருந்து நோய் உள்ளே வந்திருக்குமா? வந்திருந்தால் உங்கள் ஊர்த் தீவன ஏற்பாடு அதை வளர்க்குமா, அடக்குமா? முதல் கேள்விக்குத் துறைமுகப் பதிவேடு வேண்டும், இரண்டாவதற்கு மாட்டுத் தொட்டியை எட்டிப் பார்க்க வேண்டும். விடைக்கு நாலு படி: முதல் படி என்றால் நோய் இருக்க வாய்ப்பே அரிது, நாலாம் படி என்றால் நிறையவே இருக்கிறது.

2000 ஜூலையில் ஜெர்மனியை மூன்றாம் படியில் வைத்தார்கள்: கண்ணில் படவில்லை, ஆனால் இருக்கக்கூடும். எங்களிடம் பைத்தியப் பசுவே கிடையாது என்று ஜெர்மனி முறுக்கிக்கொண்டது. நவம்பரில் முதல் பசு ஆடியது. அடுத்த ஜனவரியில் விவசாய அமைச்சரும் சுகாதார அமைச்சரும் பதவியை விட்டார்கள். ஜப்பானுக்கும் மூன்றாம் படிதான் வரும்போலிருந்தது. 2001-இல் ஜப்பான், எங்களை மதிப்பிட வேண்டாம், நிறுத்திவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டது. ரிசல்ட் வருவதற்குள் பரீட்சைப் பேப்பரைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி. அதே வருஷம் செப்டம்பரில் சிபாவில் முதல் பசு சிக்கியது.

இந்தியாவுக்கு இரண்டாம் படி: இருக்க வாய்ப்பு இல்லை, ஆனால் அடித்துச் சொல்ல முடியாது. அதே பெஞ்சில் நம்மோடு உட்கார்ந்திருந்தவர்கள் யார் தெரியுமா? அமெரிக்கா, கனடா. 2003 மே மாதம் கனடாவில் ஒரு பசு விழுந்தது, டிசம்பரில் அமெரிக்காவில் ஒன்று. இரண்டு பேரும் மூன்றாம் படிக்கு இறங்கினார்கள். சுவரொட்டி தின்னும் பிள்ளை அப்படியே உட்கார்ந்திருந்தது.

எப்படி என்று தெரிந்துகொள்ள, நானே ஐரோப்பியக் குழுவாக மாறி, திருவொற்றியூர் தேரடிப் பக்கம் டீக்கடை வாசலில் எங்கள் பால்காரரை மடக்கினேன்.

“அண்ணே, மாட்டுக்கு இன்னா போடுறீங்க?”

“புண்ணாக்கு, தவுடு, வைக்கோலு. அப்பால கழனித் தண்ணி. கல்யாண சீசன்ல மண்டபத்து வாழெலை. இன்னாத்துக்கு சார் கேக்குற? கார்ப்பரேஷன் ஆளா நீ?”

“இல்லண்ணே. மாட்டெலும்பு, மாட்டுக்கறி, இதெல்லாம் மாவாக்கிப் போடுறதுண்டா?”

டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. “மாட்டுக்கு மாட்டையா?”

“சீமையில போட்டாங்கண்ணே.”

“கறியா? சார், எங்க வூட்லயே அது ஞாயித்துக்கெழமதான். இதுங்களுக்குத் தினம் போட்டா, பொண்டாட்டி என்னைக் கட்டிவெச்சிட்டு மாட்டுக்குச் சோறு போடுவா.”

ஐரோப்பியக் குழு பக்கம் பக்கமாக எழுதியதன் சாரம் இவ்வளவுதான். நம் மாடு சைவமாக இருப்பதற்குப் புண்ணியத்தைக் காரணம் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. காரணம் விலைப்பட்டியல். சீமையில் கறிக்கூடத்துக் கழிவு மலிவு. நம்மிடம் கழிவு என்று ஒன்று மிஞ்சினால்தானே அரைக்க? தோல் பெரியமேட்டுக்குப் போகும். எலும்பு ஜெலட்டினாகி மாத்திரைக் குப்பியாகும். கொம்பு பொத்தானாகும். கொழுப்பு சோப்பாகும். மூளை, குடல், தண்டுவடம் இவற்றை ‘அபாயப் பகுதி’ என்று ஐரோப்பா சாயம் பூசி எரித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், புளியந்தோப்பில் சாயங்காலம் ஏழு மணிக்குப் போட்டிக் குழம்பு கேட்டால் “தீந்துடுச்சு நைனா” என்பார்கள். மாட்டின் பங்கை மனுஷன் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் மாடு பிழைத்தது.

முதல் கேள்விக்கும் பதில் கிட்டத்தட்ட இதேதான். வாங்கக் காசில்லை. உயிரோடு வரும் கால்நடையைத் துறைமுகத்தில் தடுக்க 1898-லேயே வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டிருந்தான். நாலு காலில் நடந்து வரும் மாட்டைத்தான் அந்தச் சட்டம் பார்த்தது. மூட்டைக்குள் மாவாக வரும் மாட்டைப் பற்றி அதற்குக் கவலையில்லை. 2001-இல்தான் கால்நடைப் பொருள்களையும் சேர்த்துத் திருத்தினார்கள். நூறு வருஷம் அந்தக் கதவு திறந்தே கிடந்தது. பெரிதாக எதுவும் நுழையாததற்கு நம் பணப்பையின் ஒல்லி உடம்புதான் காவல்.

இப்படி நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தபோது, 2005 செப்டம்பரில் தலையில் ஒரு கல் விழுந்தது. ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஆலன் கோல்செஸ்டர், நான்சி கோல்செஸ்டர் இருவரும் ஒரு கருதுகோளை வைத்தார்கள். 1960-களிலும் 70-களிலும் பிரிட்டன் தீவனத்துக்கும் உரத்துக்கும் லட்சக்கணக்கான டன் எலும்பை இறக்குமதி செய்தது. அதில் பெரும் பங்கு இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து போனது. கங்கையில் விட்ட மனித உடல்களின் எலும்பும் அதில் கலந்திருக்கலாம். அதில் ஒருவருக்கு மூளை நோய் இருந்திருக்கலாம். அதைத் தின்ற சீமைப் பசுவுக்குப் பைத்தியம் பிடித்திருக்கலாம். மொத்தத்தில், ‘லாம்’ விகுதியால் கட்டிய பாலம்.

பாலத்தின் ஒரு தூண் மட்டும் உறுதியானது: எலும்பு உண்மையாகவே கப்பலேறியது. 1893-லேயே அரசுக்காக இந்திய விவசாயத்தை ஆராய்ந்த வோல்க்கர், எலும்பும் எண்ணெய் வித்தும் கப்பலில் போவது மண்ணின் சத்தே போவதற்குச் சமம் என்று கவலைப்பட்டார். கப்பல் வியாபாரத்தை உதறிவிட்டு வந்து திருவொற்றியூர்க் கடற்கரையில் அடங்கிய பட்டினத்தார், இந்த உடம்பைப் பற்றிச் சொல்லாத இழிவு இல்லை. நாய்க்கும் நரிக்கும் இரையாகும் என்று எச்சரித்தார். சீமைப் பசுவுக்கும் இரையாகும் என்று அந்தப் பழைய கப்பல் வியாபாரிக்கே தோன்றவில்லை.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நரம்பியலாளர்கள் ஷங்கரும் சதீஷ்சந்திராவும் அதே இதழில் நிதானமாகப் பதில் எழுதினார்கள்: சான்று போதாது, பொறுமையாக ஆராயுங்கள். விஞ்ஞானிகள் அப்படித்தான் பேச வேண்டும். தேரடிப் பால்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டார்: “எலும்ப வாங்கினது அவன். அரைச்சது அவன். மாட்டுக்கு ஊட்டுனது அவன். பைத்தியம் புடிச்சது நம்மாலயா?” லான்செட்டுக்கு அவர் கடிதம் போடாதது மருத்துவ உலகின் நஷ்டம்.

இதற்கிடையில் பாரிஸ் ஆபீஸ் தனியாக ஒரு தேர்வு வைத்திருந்தது. அங்கே வாய்ப்பேச்சு எடுபடவில்லை, மார்க் வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாட்டு மூளையைச் சோதித்தாலும் இத்தனை மார்க் என்று பட்டியல். பெரிய மந்தையுள்ள நாடு ஏழு வருஷத்துக்குள் எளிய தேர்வுக்கே 1,50,000 மார்க் சேர்க்க வேண்டியிருந்தது. நாலிலிருந்து ஏழு வயதுக்குள், நோய்க்குறி தெரியும் சந்தேக மாடு என்றால் ஒரு மூளைக்கு 750. அதே வயதில் கறிக்கூடத்துக்கு ஆரோக்கியமாக வந்த மாடு என்றால் 0.2. அதாவது சந்தேகப்படும்படியான 200 மாடு போதும். நல்ல மாடென்றால் ஏழரை லட்சம் வேண்டும். நல்லவனுக்கு மதிப்பில்லை என்பதற்கு அட்டவணை போட்டுக்காட்டிய ஒரே அமைப்பு இதுதான்.

சந்தேகக் குறிகள் என்னென்ன? சத்தத்துக்குத் துள்ளுவது, கறக்கும்போது உதைப்பது, வாசலைத் தாண்டப் பயப்படுவது, வழக்கத்துக்கு மாறாக நடப்பது. இதை வைத்துத் திருவொற்றியூரில் ஆய்வு நடத்தினால், நெடுஞ்சாலைப் பசு எல்லாவற்றிலும் ‘இல்லை’. லாரி ஓட்டுநர்கள் எல்லாவற்றிலும் ‘ஆம்’. சோழ நாட்டில் வைத்திருந்தால் இன்னும் விசேஷம். ஆராய்ச்சி மணியின் கயிற்றைக் கொம்பால் இழுத்த பசுவை மனுநீதிச் சோழன் நியாயம் கேட்க வந்ததாக எடுத்துக்கொண்டான். பாரிஸ் விதிப்படி அது நடத்தை மாற்றம், 750 மார்க். மகனைத் தேர்க்காலில் இட வேண்டியிருக்காது; பசுவின் தலையை ஐஸ் பெட்டியில் வைத்துப் போபாலுக்கு அனுப்பியிருந்தால் போதும். இந்த நோய்க்கு மூளை பார்க்கும் உயர்பாதுகாப்பு ஆய்வுக்கூடம் போபாலில்தான் இருக்கிறது.

போபால்காரர்கள் பார்த்தார்கள். மூளைகள் ஆப்பமாகவில்லை. 2007 கணக்கெடுப்பின்படி 19.9 கோடி மாடும் 10.5 கோடி எருமையும் கொண்ட தேசம், 2010 மே மாதம் பாரிஸில் பாஸானது. எருமைக் கறிக்கும் ஜெலட்டினுக்கும் உலகச் சந்தையில் கதவு அகலத் திறந்தது. ஊரில் யாரும் பட்டாசு வெடிக்கவில்லை. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பூசும் சாயம்கூட ஒரு கோட் கூடுதலாக ஏறவில்லை.

அப்படியானால் நம் பசுவுக்கு ஒரு ஆபத்தும் இல்லையா? 2019 அக்டோபரில், திருமுல்லைவாயலிலிருந்து ஒரு பசுவை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவந்தார்கள். வலியில் வயிற்றை உதைத்துக்கொண்டது, பால் குறைந்துவிட்டது. டாக்டர்கள் ஐந்து மணி நேரத்துக்கு மேல் அறுவை சிகிச்சை செய்து வெளியே எடுத்தது 52 கிலோ பிளாஸ்டிக். ஒரு பெரிய ஆளின் எடை. மிச்ச சாம்பாரைப் பையில் கட்டி, முடிச்சுப் போட்டு, குப்பைத் தொட்டியில் வீசுகிறோம். மாட்டுக்கு முடிச்சு அவிழ்க்க விரல் இல்லை, பையோடு விழுங்குகிறது. சீமைக்காரன் மாட்டுக்கு மாட்டை ஊட்டினான், நாம் கேரி பேக்கை ஊட்டுகிறோம். அவன் ஊட்டியதற்கு ஐரோப்பா நாலு படி வைத்தது, பாரிஸ் மார்க் பட்டியல் வைத்தது. கேரி பேக்குக்கு எந்த ஊரிலும் மார்க் கிடையாது. ஆகவே 52 கிலோ சுமந்த பசுவும் சான்றிதழ்ப்படி முதல் வகுப்புதான்.

போன வாரம் தேரடியில் பால்காரரைப் பார்த்தபோது சான்றிதழ் விவரத்தை முழுசாகச் சொன்னேன். மாட்டின் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி கேட்டார்.

“பாரிஸ்லேர்ந்து குட்தாங்களா? இன்னான்னு போட்டுக்கீது?”

“பொருட்படுத்தத் தக்கதல்லன்னு.”

“அப்டின்னா?”

“கண்டுக்கவே தேவையில்லன்னு அர்த்தம்ணே. அதுதான் பெரிய கௌரவம்.”

அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கி, மணலிப் பக்கம் சுத்திகரிப்பு ஆலையின் தீச்சுடர், கண்ணெதிரே நகராத லாரி வரிசை, அதன் நடுவில் நகராத பசு.

“இதுக்கு பாரிஸு வரைக்கும் போணுமா சார்? இந்த ஏரியாவுக்கு அத்த எப்பவோ குட்துட்டாங்களே.”